கைனெடிக் ஹோண்டாவில் ஜிஎஸ்டி சாலை: 60 கிலோமீட்டர் வேகத்துக்காக ஒரு தயாரிப்பு

கைனெடிக் நிறுவனமும் ஹோண்டாவும் 1984-இல் கைகோர்த்துக் கொண்டுவந்த கியரில்லாத ஸ்கூட்டர் கைனெடிக் ஹோண்டா. 98 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பட்டன் ஸ்டார்ட். என்னிடம் இருப்பது தொண்ணூறுகளில் வந்த டிஎக்ஸ் மாடல் வண்டி. ஊருக்குள் இன்றும் அருமையாக ஓடுகிறது. சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) நெடுஞ்சாலையில், செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் வரை, லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையில், இன்ஜினை வதைக்காமல் அதை ஓட்ட முடியுமா என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

மாமண்டூர் பக்கம் முதலில் போனபோது போன் ஜிபிஎஸ் 52 காட்டியது. அதற்கு மேல் முறுக்கினால் சத்தம்தான் ஏறியது, வேகம் ஏறவில்லை. இன்ஜினில் தெம்பு இருக்கிறது, அது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பெல்ட் கவரைக் கழற்றினேன். இந்த வண்டியில் கியரின் வேலையைச் செய்வது வேரியேட்டர். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே இருக்கும் ரோலர்கள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு முன் புல்லியின் (இன்ஜின் பக்கம் பெல்ட் சுற்றும் சக்கரம்) இரு தட்டுகளையும் நெருக்கும். நடுவில் இருக்கும் பெல்ட் மேலே ஏறும். அதே நேரம் பின் புல்லியில் அது கீழே இறங்கும். டாப் கியர் என்பது இங்கே அவ்வளவுதான். என் ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டன. பெல்ட்டும் அகலம் குறைந்திருந்தது. அதனால் முன் புல்லியில் அது ஏற வேண்டிய உயரத்துக்கு ஏறவே இல்லை.

கனம் குறைந்த ரோலர் போட்டால் பிக்கப் கூடும் என்று பலர் சொல்வார்கள். சிக்னலுக்குச் சிக்னல் ஓட்டுபவருக்கு அது சரி. நெடுஞ்சாலையில் அது இன்ஜினை எந்நேரமும் கூடுதலாகச் சுற்ற வைக்கும். நான் பழைய எடையிலேயே புது ரோலர்களும் புது பெல்ட்டும் போட்டேன். சைலன்சரில் அடைத்திருந்த கார்பனை மெக்கானிக் அண்ணன் எரித்து எடுத்துக் கொடுத்தார். "தம்பி, இப்ப மூச்சு விடும். முழுசா முறுக்கிப் பிடிச்சுட்டே போகாத" என்றார்.

மறுபடி அதே சாலை. ஆக்சிலரேட்டர் முக்கால் திறப்பிலேயே 60 வந்து நின்றது, இன்ஜின் சத்தமும் முன்பைவிடத் தணிந்திருந்தது. முழுக்கத் திறந்தால் 70-ஐத் தாண்டுகிறது. ஆனால் அங்கே தங்கக்கூடாது என்பது என் முடிவு. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 60-இலிருந்து 75-க்குப் போக, காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். 98 சிசி இன்ஜினுக்கு அது பெரும் பாரம், இன்ஜினும் கூடுதலாகச் சூடாகும். இதில் இன்ஜினைக் குளிர்விப்பது அதோடு சேர்ந்து சுற்றும் விசிறி. எதிர்க்காற்றை நம்பி இல்லை என்பதால் சீரான 60-இல் அது நன்றாகவே தாங்குகிறது. மதுராந்தகத்தில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நல்ல காப்பிப் பழுப்பு, அதாவது இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகவில்லை. பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. இந்த வண்டிக்கு ஆயிலுக்குத் தனி டேங்க், பெட்ரோலில் கலந்து ஊற்றும் வேலை இல்லை. அதற்காகவே புறப்படும் முன் ஆயில் அளவைப் பார்க்காமல் விடக்கூடாது.

இன்ஜினைவிட எனக்குக் கவலை தந்தது சக்கரம். 10 அங்குலச் சக்கரம் பாலாற்றுப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பையும் முதுகெலும்புக்குச் சொல்கிறது. ஆம்னி பஸ் கடந்து போகும்போது முதலில் வெளியே தள்ளும், உடனே உள்ளே இழுக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடுகிறது. தளர்வாகப் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் குனிந்தால் வண்டி தானே நேராகிறது. கண்ணாடியில் பஸ்ஸைப் பார்த்ததுமே இடது ஓரத்துக்கு வந்துவிடுவது இன்னும் நல்லது.

பிரேக் இரண்டு பக்கமும் டிரம்தான். 60-இலிருந்து நிறுத்த இன்றைய டிஸ்க் வண்டிகளைவிடக் கூடுதல் தூரம் வேண்டும். அதனால் முன்னே போகும் வண்டியோடு நெருங்கவே மாட்டேன். கியர் வண்டியைப் போல இன்ஜின் பிடித்து இழுக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

இப்போது திண்டிவனம் வரை போய்வருவது எனக்குச் சாதாரணமாகிவிட்டது. அடுத்த வேலை முன் பிரேக் ஷூவை மாற்றுவது. அப்புறம் பின் புல்லியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மேம்பாலம் ஏறும்போது வேகம் 50-க்கு இறங்கிவிடுகிறது. அது சரியானால் விழுப்புரம் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.