வி.பி.எஸ். உற்சாகம் குருத்தோலை ஞாயிறன்றே தொடங்கட்டும்

தென்மாவட்டத் திருச்சபைகளில் வளர்ந்த எவரிடமும் கோடை விடுமுறையைப் பற்றிக் கேட்டால், பாட்டி வீடு, நுங்கு, கிணற்றுக் குளியல் என்று சொல்லிக்கொண்டே வந்து, அந்த வரிசையில் தவறாமல் வி.பி.எஸ்.ஸையும் சேர்த்துவிடுவார்கள். அழைப்பிதழில் விடுமுறை வேதாகமப் பள்ளி என்று முழுப் பெயரையும் அச்சிட்டாலும் பிள்ளைகளின் வாயில் அது வி.பி.எஸ். தான். எங்கள் சேகரத்தில், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதியில், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதாகமம் கற்பிக்கும் ஓய்வுநாள் பள்ளியின் ஆசிரியையாகப் பல ஆண்டுகள் இருந்துவரும் எனக்கு, முதல் நாள் காலையில் ஆலய வளாகத்தில் எழும் ஆரவாரம் அந்த நாளில் உண்டாவதன்று என்பது உறுதியாகத் தெரியும். அதற்கு முந்தைய வாரங்களில் பிள்ளைகளின் கையில் நாம் என்ன வேலையைக் கொடுத்திருக்கிறோம் என்பதே அந்த ஆரவாரத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

பெரும்பாலான சபைகளில் நடப்பது இதுதான்: ஏப்ரல் மாதக் கடைசியில் ஆலய வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் பலகை வைக்கப்படும், ஆராதனையின் முடிவில், கமிட்டிக் கூட்டம், அசனப் பண்டிகை, சங்கக் காணிக்கை ஆகியவற்றுக்கு நடுவே, இன்ன தேதியிலிருந்து வி.பி.எஸ். தொடங்குகிறது, பெற்றோர் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்ப வேண்டும் என்று அறிவிக்கப்படும். அந்த வாக்கியம் பெற்றோருக்குச் சொல்லப்படுகிறது. அருகே அமர்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளை, தன்னை எங்கோ அனுப்பப் போகிறார்கள் என்று மட்டும் புரிந்துகொள்கிறது. பள்ளியிலிருந்து விடுதலை கிடைத்த வாரத்தில் இன்னொரு பள்ளிக்கு அனுப்பப்படுவதில் எந்தப் பிள்ளைக்கு மகிழ்ச்சி இருக்கும்? ஆகையால் அறிவிப்பை முதலில் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். சொல்லும்போதே அவர்களுக்கு ஒரு பொறுப்பையும் கொடுக்க வேண்டும்.

இதற்குக் குருத்தோலை ஞாயிறைவிடப் பொருத்தமான நாள் வேறில்லை. ஈஸ்டர் பண்டிகை மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே வருவதால், அதற்கு ஒரு வாரம் முந்தைய குருத்தோலை ஞாயிறு எவ்வளவு பிந்தி வந்தாலும், மே மாத முதல் வாரத்தில் வி.பி.எஸ். தொடங்கும் சபைக்கு இரண்டு வாரமாவது கையில் இருக்கும். பல ஆண்டுகளில் ஒரு மாதத்துக்கும் மேலேயே கிடைக்கும். ஆண்டு முழுவதும் ஓய்வுநாள் பள்ளிக்கு ஒழுங்காக வராத பிள்ளைகள்கூட அன்று ஓலையைப் பிடித்துக்கொண்டு பவனியில் நடக்க வந்துவிடுவார்கள். பவனி முடிந்து அவர்கள் ஆலய முற்றத்தில் கூடி நிற்கும் அந்தச் சில நிமிடங்களில், இந்த ஆண்டின் தலைப்பு என்ன, எந்த வேதாகமக் கதைகளை நடித்துக் காட்டப் போகிறோம், அதற்கு யார் யார் வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோலியாத்தாக நிற்பதற்கு உயரமான அண்ணன் ஒருவர் தேவை, நோவாவின் பேழைக்கு அட்டைப் பெட்டிகள் தேவை என்று கேட்டால் போதும். மறுநாளே மளிகைக் கடைகளில் பிள்ளைகள் அட்டைப் பெட்டி கேட்டு நிற்பதை ஊர் பார்க்கும், எதற்கு என்று கடைக்காரர் கேட்பார், பிள்ளைகள் சொல்வார்கள். செய்தி அப்படித்தான் பரவ வேண்டும்.

அடுத்தது பாட்டு. வி.பி.எஸ்.ஸில் கற்ற பாடங்களில் பாதியை மறந்துபோன நாற்பது வயதுக்காரர்கள், அதன் ஆக்‌ஷன் பாடல்களைக் கையசைவு தவறாமல் இன்றும் பாடிக் காட்டுவதை நான் கண்டிருக்கிறேன். அத்தகைய வலிமையுள்ள ஒன்றை முதல் நாள் வரையில் மறைத்துவைத்து, அன்று காலையில் ஒலிபெருக்கியில் புதிதாகப் போட்டுக் கற்பிப்பது பெரும் இழப்பு என்பேன். முதல் நாளிலேயே பிள்ளைக்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்தால், தெரியாமல் வந்து நிற்கும் புதிய பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் அது நிற்கும். எங்கள் சபையில் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு முதலே தலைப்புப் பாடலை ஓய்வுநாள் பள்ளியின் முடிவில் ஒரு சரணம் வீதம் கற்பிக்கிறோம். முழுப் பாட்டையும் ஒரே நாளில் கொடுப்பதில்லை. அடுத்த சரணத்துக்காக அடுத்த ஞாயிறு வர வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம். வாரம் முழுவதும் அதே சரணத்தை வீட்டில் பாடிப் பாடித் தாத்தா பாட்டிக்கும் மனப்பாடமாகிவிடும் என்பது மற்றொரு காரணம். நிறைவு நாளில் பார்வையாளர் வரிசையிலிருந்து அவர்களும் சேர்ந்து பாடும்போது மேடையில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்களைத் திரட்டுவது எல்லாச் சபைகளுக்கும் கடினமாகவே இருக்கிறது. கல்லூரி மாணவர்களை நம்பினால் பருவத் தேர்வுகள் ஏப்ரல், மே மாதங்களில் குறுக்கிடுகின்றன. வேலைக்குச் செல்பவர்களுக்குக் காலை நேரம் வாய்ப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை மார்ச் மாதத்தில் முடித்துவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் காத்திருக்கும் இளையோரை ஏனோ நாம் போதுமான அளவு நினைப்பதில்லை. அவர்களிடம் நேரம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அதே வகுப்புகளில் அமர்ந்திருந்த நினைவும் இருக்கிறது. அனுபவமுள்ள ஓர் ஆசிரியரோடு இருவரை இணைத்து, பிகினர், பிரைமரி, ஜூனியர் என்று வகுப்புவாரியாகப் பிரித்து, ஏப்ரலிலேயே பயிற்சி கொடுத்துவிட்டால், மே மாதத்தில் அந்த அக்காமாரும் அண்ணன்மாரும் தாங்களாகவே வகுப்பை நடத்துவார்கள். தேர்வு முடிவைப் பற்றிய கவலையில் இருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும், தங்களை நம்பி ஒரு வகுப்பை ஒப்படைத்தார்கள் என்ற நிறைவு அந்த நாட்களில் மிகவும் தேவைப்படுகிறது.

இந்தப் பள்ளியின் தொடக்கத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்வது நல்லது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹோப்டேல் என்னும் சிற்றூரில் 1894ஆம் ஆண்டு மைல்ஸ் என்ற ஆசிரியை, ஞாயிறுதோறும் கிடைக்கும் சிறிது நேரம் போதவில்லை என்று கோடையில் தினசரி வேதாகமப் பள்ளி ஒன்றை நடத்தினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1898இல், நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில் நெருக்கடியான குடியிருப்புகளின் பிள்ளைகள் கோடை முழுவதும் தெருவிலேயே திரிவதைக் கண்ட எலைசா ஹாவ்ஸ் அம்மையார், மதுக்கூடமாக இருந்த ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்து அவர்களைக் கூட்டிச் சேர்த்தார். பாட்டு, வேதாகமக் கதை, வசன மனப்பாடம், விளையாட்டு, கைவேலை என்று அவர் வகுத்த முறையே இன்று நம் ஊர்ப் பந்தல்களிலும் நடக்கிறது. அவருடைய செயலில் என்னை மிகவும் ஈர்ப்பது அவர் தேர்ந்துகொண்ட இடம். பிள்ளைகள் ஆலயத்துக்கு வரட்டும் என்று காத்திராமல், அவர்கள் இருந்த தெருவுக்கு அவர் சென்றார்.

நாமும் தெருவுக்குத்தான் செல்ல வேண்டும். அதிலும் பிள்ளைகளே செல்வது சிறந்தது. அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தைவிட, ஓர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வெள்ளைத் தாளை மடித்து, ஓரத்தில் வண்ணம் தீட்டி, தன் தோழியின் பெயரை மேலே எழுதிக் கொடுக்கும் அழைப்பு அந்தத் தோழியை நிச்சயமாக அழைத்துவருகிறது. பெயர் எழுதிய அழைப்பைப் பெற்றவருக்கு, தான் குறிப்பாக வேண்டப்படுகிறோம் என்பது விளங்கிவிடுகிறது. இந்த அழைப்போடு ஆசிரியர் ஒருவரும் அந்த வீட்டுக்குச் சென்று பெற்றோரைச் சந்திக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எங்கள் ஊரில் பிற சமயக் குடும்பங்களின் பிள்ளைகளும் விரும்பி வருகிறார்கள். அவர்களுடைய தாய் தந்தையரிடம், இது வேதாகமப் பள்ளி, இயேசுவின் கதைகளைச் சொல்லுவோம், ஜெபிப்போம், பாடுவோம், இத்தனை மணிக்குத் திரும்ப வீட்டுக்கு அழைத்துவருவோம் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லி, அவர்கள் மனமார அனுமதித்தால் மட்டுமே பிள்ளையைச் சேர்க்க வேண்டும். அண்டை வீட்டாரின் நம்பிக்கையைக் காப்பது நம் சாட்சியின் ஒரு பகுதி.

அதிகப் பிள்ளைகளை அழைத்துவருபவருக்குப் பரிசு என்ற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. பரிசு அறிவித்தவுடன் நண்பன் எண்ணிக்கையாகிவிடுகிறான். முதல் நாள் கையெழுத்துக்காக அழைத்துவரப்பட்ட பிள்ளையோடு இரண்டாம் நாள் எவரும் பேசுவதில்லை, மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை வருவதில்லை. மாறாக, நீ அழைத்துவந்த பிள்ளையை நிறைவு நாள்வரை உன் அருகில் உட்காரவைத்துக்கொள்வது உன் பொறுப்பு என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் அதை எவ்வளவு கருத்தாகச் செய்கிறார்கள் என்பது தெரியும்.

மே மாதத்தில் நம் சிற்றூர்களுக்கு உரிய இன்னொரு கூட்டமும் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் மகன், மகள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வந்து சேரும் காலம் அது. ஆங்கில வழியில் படிக்கும் அவர்களில் பலர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய திருப்புதல் என்னும் வேதாகம மொழிபெயர்ப்பின் நடை அவர்களுக்கு இன்னும் கடினம். “சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்” என்ற வசனத்தில் வரும் சொற்களைக்கூட அவர்கள் அன்றாடப் பேச்சில் கேட்டிருக்கமாட்டார்கள். முதல் நாளில் எல்லாப் பிள்ளைகளும் ஒப்புவிக்கும்போது தான் மட்டும் விழித்து நிற்கும் பிள்ளை, மறுநாள் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிடும். இதைத் தவிர்க்க எளிய வழி இருக்கிறது. மனப்பாட வசனங்களை ஓதி ஒலிப்பதிவு செய்து, ஏப்ரலிலேயே தாத்தா பாட்டியின் வாட்ஸ்அப் வழியாக அந்த வீடுகளுக்கு அனுப்பிவிடலாம்; பாட்டியே தன் குரலில் பதிந்து அனுப்பினால் அதைவிட நன்று. ஊருக்குக் கிளம்பும் முன்பே அந்தப் பிள்ளைக்கு வசனமும் தெரிந்திருக்கும், தனக்காக ஓர் இடம் வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும்.

கைவேலைக்காகப் பெரும் தொகை செலவிட வேண்டும் என்ற எண்ணத்தையும் நாம் விட்டுவிடலாம். சார்ட் அட்டையும் ஐஸ் குச்சியும் மினுமினுப்புத் தூளும் கடையில் கிடைக்கும். ஆனால் பனை நிற்கும் மண்ணில் இருந்துகொண்டு ஓலையைத் தொடாமல் ஒரு வி.பி.எஸ். முடிவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஓலைக் காற்றாடி, ஓலைச் சிலுவை, சிறு பெட்டி ஆகியவற்றை முடையத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொரு சபையிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை ஏப்ரலில் ஒரு ஞாயிறு பிள்ளைகளுக்கு முன்பாக உட்காரவைத்து ஒரே ஒரு காற்றாடியை முடைந்து காட்டச் சொன்னால், மற்றவற்றை எப்போது கற்றுத்தருவீர்கள் என்று பிள்ளைகள் அவர்களைத் துளைத்தெடுத்துவிடுவார்கள். சிற்றுண்டி வேளையில் சாயத்தூள் கரைத்த குளிர்பானத்துக்குப் பதிலாகப் பதநீரோ மோரோ கொடுக்கப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் மனமுவந்து முன்வருவார்கள். மே 4 வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிடுவதால், காலை எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்குள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவதும், தெருவழியே செல்லும் பேரணியை மாலைக்கு மாற்றிவிடுவதும் அவசியம்.

பிள்ளைகளின் காணிக்கையைப் பற்றியும் முன்கூட்டியே பேச வேண்டும். 1903இல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடைய தோழர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் நம் மக்களின் காணிக்கையால் நம் ஊழியரை அனுப்புவது என்றே உறுதி கொண்டார்கள். அந்த மரபில் வந்த பிள்ளைகளிடம், இந்த ஆண்டுக் காணிக்கை எந்த ஊரின் பிள்ளைகளுக்குச் செல்கிறது என்பதை ஏப்ரலிலேயே சொல்லி, ஆளுக்கொரு சிறு டப்பாவைக் கொடுத்துவிட்டால், மிட்டாய்க்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு அதில் விழத் தொடங்கும். பெயர் தெரிந்த ஊருக்காகச் சேமிக்கும் பிள்ளை, டப்பாவை ஒப்படைக்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்.

பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளைகளை அனுப்புவதோடு நின்றுவிடாமல், மாலையில் அன்றைய கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உபாகமம் ஆறாம் அதிகாரம், வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் இவற்றைக் குறித்துப் பேசும்படி நமக்குத்தான் கட்டளையிடுகிறது, வி.பி.எஸ். அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கிறது.

எங்கள் சபையில் இந்த ஆண்டுக்கான தலைப்புப் பாடலின் முதல் சரணம் வரும் ஞாயிறன்று கற்பிக்கப்படும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த பிள்ளைகளை அன்று ஆராதனை முடிந்ததும் ஓய்வுநாள் பள்ளி அறைக்கு வரச்சொல்லியிருக்கிறோம். மே மாதத்தில் பேரப்பிள்ளைகள் வரவிருக்கும் வீட்டார், அவர்களுடைய பெயரையும் வயதையும் அன்றே எங்களிடம் கொடுத்துவிட்டால், அவர்களுக்கான அழைப்புகளை எழுதப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். பேழைக்கான அட்டைப் பெட்டிகள் இன்னும் தேவைப்படுகின்றன. பெரியனவாக இருந்தால் நல்லது.