இரும்புப் பெட்டிக்குள் ஒரு பகல்

இன்று காலைப் பூசையில் பிரசங்கம் பாதியில் இருக்க, கரண்ட் போய்விட்டது.

ஃபேன் நின்றதும் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் விசிறியாகிவிட்டன. பின் வாங்கில் இரண்டு பேர் எழும்பியே போய்விட்டார்கள். திருகோணமலைப் புழுக்கம், குற்றம் சொல்ல முடியாது.

எனக்கு கிழக்கு ஆபிரிக்க நாடான எரித்திரியா நினைவுக்கு வந்தது.

2002இல் நான்கு மதப் பிரிவுகளைத் தவிர மற்றதெல்லாவற்றையும் அங்கே அரசு தடைசெய்தது. வீட்டுக்குள் கூடிச் செபித்தவர்களைப் பிடித்து, கப்பல் கொண்டெய்னர்களில் அடைத்தார்கள். சாமான் ஏற்றச் செய்த பெட்டி அது. யன்னல் இல்லை. சுவர் முழுக்க இரும்பு. பகலில் தகிக்கும், இரவில் அதே இரும்பு குளிரும். கதவு வெளியிலிருந்துதான் திறக்கும்.

வழக்கு இல்லை, தண்டனைக் காலமும் இல்லை. நாளை எண்ணிக்கொண்டிருக்கக்கூட வழியில்லை.

விசுவாசத்தை விடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் வெளியே வரலாம். போடாதவர்கள் வருடக்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள்.

நம் மண்ணுக்கும் இது தெரியாத விஷயமில்லை. கத்தோலிக்கத்துக்கு ஒல்லாந்தர் தடை இருந்த 1687இல், யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில்தான் யாழ்ப்பாணம் வந்தார். பூசை இரவில், ஒளித்து.

நம் மன்றாட்டில் பரீட்சை வருகிறது, விசா வருகிறது. அடுத்த ஞாயிறு எரித்திரியாவையும் பெயர் சொல்லிக் கேட்போமே.