பாரி மகளிரின் நிலா

நேற்று இரவு தூக்கம் வராமல் புறநானூற்றின் 112ஆம் பாட்டை மறுபடி எடுத்துப் படித்தேன். வெறும் ஐந்தே வரி. போன மாத நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களுடையதாக இருந்தது, இந்த மாத நிலவில் வேந்தர்கள் குன்றைப் பிடித்துவிட்டார்கள், அப்பாவும் இல்லை என்று சொல்லிவிட்டு பாரியின் பெண்கள் நிறுத்திவிடுகிறார்கள். அழுகிறோம் என்றுகூடச் சொல்வதில்லை. அதுதான் என்னை உலுக்குகிறது.

அப்புறம் பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் நினைவுக்கு வந்தார். 1948இல் பாலஸ்தீனத்தின் அல்பிர்வா கிராமத்திலிருந்து குடும்பத்தோடு லெபனானுக்கு ஓடியபோது அவருக்கு ஏழு வயது. திரும்பி வந்தால் ஊரே இல்லை, இடித்துத் தள்ளியிருந்தார்கள், சொந்த மண்ணிலேயே அகதி. அந்த மனிதர் பிற்பாடு அம்மா சுட்ட ரொட்டிக்கும் அம்மா போட்ட காபிக்கும் ஏங்கி ஒரு கவிதை எழுதினார், அதற்கு லெபனானின் மார்சேல் கலீஃபே இசையமைத்து ஊத் என்ற அரபு நரம்பிசைக் கருவியை மீட்டிப் பாடினார். எனக்கு அரபி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் கேட்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

சரி, பாரி மகளிர் பாட்டுக்கு என்ன பண் இருந்திருக்கும்? விடியும்வரை அதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.