நேப்பியர் பாலமும் ஒரு போரும்

2022 ஜூலையில், நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாட் போட்டிக்காகச் சென்னை நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டமாக மாறியிருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஓரமாக நின்று கட்டங்களை எண்ணிப் பார்த்தாள். "எதுக்குப்பா நம்ம ஊர்ல நடத்துறாங்க?" என்று கேட்டாள்.

44-வது செஸ் ஒலிம்பியாட் மாஸ்கோவில் நடந்திருக்க வேண்டியது. பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்தது. அப்புறம் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே போட்டியை அங்கிருந்து எடுத்துவிட்டது. தமிழக அரசு உடனே முன்வந்தது, மார்ச்சிலேயே முடிவாகிவிட்டது. வருடக்கணக்கில் தயாராக வேண்டிய வேலையை மாமல்லபுரத்தில் நாலே மாதத்தில் செய்து காட்டினார்கள். அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

ஆனால் அரசியல் மாஸ்கோவோடு நிற்கவில்லை. ஒலிம்பியாட் ஜோதி காஷ்மீர் வழியாகப் போனதைக் காரணம் காட்டி, இங்கே வந்திறங்கிவிட்ட பாகிஸ்தான் அணியைத் தொடக்க நாளிலேயே அந்நாட்டு அரசு திரும்ப அழைத்தது. பெட்டியோடு திரும்பிய அந்த ஆட்டக்காரர்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. எத்தனை வருடப் பயிற்சி!

பெண்கள் பிரிவில் தங்கம் வென்றது உக்ரைன். மரியா, அன்னா என்று முசிச்சுக் சகோதரிகள் இருவரும் அந்த அணியில் இருந்தார்கள். ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்க, இங்கே குதிரையையும் யானையையும் நகர்த்தி ஜெயித்தார்கள். அன்று இரவு மகளிடம் அந்தக் கதையைத்தான் சொன்னேன்.