கூறைச் சட்டையில் விழுந்த பல்லு

2024 தை மாதம், இரவு பத்து மணி கழிந்திருக்கும். மறுநாள் காலை கொடுக்கவேண்டிய கூறைச் சாறிச் சட்டைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு கொக்கிதான் மிச்சம். முடிச்சுப் போட்டு, வழக்கம்போல நூலை முன்பல்லில் கடித்து இழுத்தேன். நூல் அறவில்லை. பல்லு வந்துவிட்டது.

நோகவேயில்லை. பட்டில் இரத்தம் படப்போகிறது என்று சட்டையைத் தூக்கித் தள்ளி வைத்ததுதான் நான் முதலில் செய்த வேலை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் தேடி எடுத்தேன். கீழ்வரிசை முன்பல்லு, வேரோடு முழுசாகக் கிடந்தது. வேரைச் சுற்றி மண்ணிறத்தில் காரை, பழைய கேத்தலின் அடியில் படிந்திருக்குமே, அதுமாதிரி. ஒரு வெறும் பொபின் டப்பாவில் போட்டு மூடிவிட்டு மிச்சக் கொக்கியையும் வைத்து முடித்தேன். கலியாணச் சட்டை பிந்தக்கூடாது.

கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்விறாந்தைதான் என் தையல்கடை. முப்பத்தைந்து வருடமாக அங்கே இருந்துதான் தைக்கிறேன், 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரியில் இருந்த மாதங்களைத் தவிர. (மெஷினின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனோம். அது வேறு கதை.) இத்தனை வருடமும் கத்தரிக்கோல் பக்கத்தில் கிடக்க, நூலைப் பல்லால்தான் அறுப்பேன். மேல் முன்பல்லில் ஒரு சின்ன வெட்டே விழுந்திருந்தது. பருத்தி நூலா பொலியெஸ்டரா என்று கடித்தே சொல்லிவிடுவேன். ஆகவே குற்றவாளி நூல்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு பல் டொக்டரிடம் போனேன்.

டொக்டர் என் மகளின் வயதுப் பிள்ளை, பேராதனையில் படித்தவர். "நூல் பாவம் அன்ரி, அதில பழி போடாதேங்கோ" என்றார். நுனியில் மில்லிமீற்றர்க் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லுக்கும் முரசுக்கும் இடையில் இறக்கி எண்களைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற பிள்ளை எழுதினாள். நான் அளவெடுக்கும்போதும் இப்படித்தான், நான் சொல்ல உதவிக்கு நிற்கிற பிள்ளை எழுதும். 3 வரை பரவாயில்லையாம். எனக்கு 6, 7 என்று போய், கொடுப்புப் பக்கம் ஒன்றில் 10.

பல்லு எலும்பில் நேரே பூட்டியிருப்பதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மெல்லிய நார்கள் அதை எலும்போடு கட்டி வைத்திருக்கின்றன. முரசுக்கு அடியில் காரை படிந்து கிருமி சேர்ந்தால், அந்த நாரும் சுற்றியுள்ள எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சூத்தைப் பல்லுப்போல இது ஆளை இரவில் எழுப்பாது. இரத்தம் வரும், வாய் மணக்கும், பல்லு நீண்டதுபோலத் தெரியும், இடைவெளி விழும், ஆடும். எனக்கு இவ்வளவும் பத்து வருடமாக வந்துகொண்டிருந்தன. இரத்தம் வந்தால் பிரஷ் முரடு என்று நினைத்து அந்த இடத்தைத் தொடாமல் விட்டேன். அதைவிடப் பிழையான வேலை இல்லையாம். இடையில் ஆடிய கொடுப்புப் பல்லுகளை ஒருவரிடம் காட்ட, அவர் ஒன்றும் சொல்லாமல் பிடுங்கிவிட்டார். ஏன் ஆடுகிறது என்று நானும் கேட்கவில்லை. எனக்கு யார்மேல் கோபம் கூட என்று இன்றைக்கும் தெரியாது.

அடுத்தது சீனி வருத்தம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 9.6. "ஏழுக்குக் கிட்டக் கொண்டு வாங்கோ, பிறகு கதைப்பம்" என்று அனுப்பிவிட்டார். சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டிருந்தால் சீனியும் இலேசில் இறங்காது. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன், பனங்கட்டிதான் கடித்துக்கொண்டு குடிப்பேன். பனங்கட்டி சீனி இல்லை என்று யார் எனக்குச் சொன்னது? ஒருவரும் இல்லை, நானே எனக்குச் சொன்னதுதான். அதையும் விட்டு, விடியற்காலையில் கோண்டாவில் பக்கம் நடந்து, ஆனி மாதம் 7.1 வந்தது.

அதற்குள் ஆழமாகச் சுத்தம் செய்தும் பார்த்தார்கள். மிச்சமிருந்த 19 பல்லில் நம்பி வைத்திருக்கக்கூடியது ஒன்றுமில்லை.

கட்டுப்பல்லு போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அம்மாவின் கட்டுப்பல்லு என் கண்முன்னே நின்றது. கதைக்கும்போது கீழ்க்கட்டு எழும்பும். அம்மா சாப்பிடுவதற்கு அதைக் கழற்றுவார், படம் எடுப்பதற்குப் போடுவார். பல்லில்லாத இடத்தில் தாடை எலும்பு வருடாவருடம் தேய்கிறதாம். மெலிந்துகொண்டே போகிற ஆளுக்கு ஒரே அளவில் தைத்த சட்டை எத்தனை நாளைக்குப் பொருந்தும்?

தாடை எலும்புக்குள் உலோகத் திருகு இறக்கி அதன்மேல் பல்லுக் கட்டுகிற இம்பிளாண்ட் என்றால் என்ன விலை என்று தம்பிக்குச் சொன்னபோது ரொறன்ரோவிலிருந்து சத்தமே வரவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன். "ஒரு பரப்புக் காணிக் காசடா, வாய்க்குள்ள வைக்கச் சொல்லுறியோ?" என்றேன். "காணியைச் சப்பேலாதுதானே அக்கா" என்றான். பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போனால் ஒரே கிழமையில் முடித்து அனுப்புவார்கள் என்று அயலில் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். சட்டை அக்குளில் பிடித்தால் திரும்பக் கொண்டுபோகிற தூரத்தில் தையல்காரி இருக்கவேண்டும்.

எலும்புக்குள் உலோகம் எப்படி நிற்கும் என்பதுதான் எனக்குப் பிடிபடவேயில்லை. ஒருமுறை மெஷின் ஊசி என் சுட்டுவிரலில் முறிந்து ஒரு துண்டு உள்ளே நின்றது. மூன்றாம் நாள் சீழ் கட்டி உடம்பே அதை வெளியே தள்ளிவிட்டது. டைட்டேனியம் அப்படியில்லை என்று டொக்டர் ஒரு கதை சொன்னார். 1952ல் சுவீடன்காரர் பிரனெமார்க் என்பவர் முயலின் கால் எலும்புக்குள் டைட்டேனியக் கருவி ஒன்றை வைத்து இரத்தவோட்டத்தை ஆராய்ந்திருக்கிறார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை, எலும்பு அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. 1965ல் யோஸ்டா லார்சன் என்ற மனிதரின் தாடையில் முதன்முதல் வைத்தார். லார்சன் 2006ல் இறக்கும்வரை அவை அப்படியே இருந்தனவாம். நாற்பது வருடம். எனக்கு அப்போது 57. கணக்குச் சரி என்று பட்டது.

முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கீழே நான்கு, மேலே ஆறு என்று தீர்மானித்தார்கள். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, அதில் பட்டால் உதடு விறைத்தே போகும். ஆகவே பின்பக்க இரண்டையும் நேரே இறக்காமல் சரித்து வைப்பார்களாம். துணி போதாத இடத்தில் சரித்து வெட்டி எடுப்பதுதானே, அது எனக்கு உடனே விளங்கியது.

கீழ்த்தாடைக்கு ஒரு நாள், மேல்தாடைக்கு இன்னொரு நாள். விறைப்பூசி போட்டபிறகு நோவு இல்லை, சத்தம்தான். துளைக்கிற சத்தம் காதால் வருவதில்லை, மண்டைக்குள்ளேயே வருகிறது. பல்லு ஒவ்வொன்றாகத் தட்டில் விழும்போது எண்ணினேன், பத்துக்குமேல் எண்ணிக்கை தவறிவிட்டது. சின்ன வயதில் விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து, அணிலிடம் புதுப்பல்லுக் கேட்டது நினைவுக்கு வந்து, வாய் திறந்தபடி சிரிப்பும் வந்துவிட்டது. "நோகுதோ அன்ரி?" என்று டொக்டர் கையை எடுத்துவிட்டார்.

ஒவ்வொரு திருகையும் ஒரு சின்ன சாவியால் முறுக்கி, அதிலுள்ள எண்ணைப் பார்ப்பார். 35 வந்தால் திருப்தி. கீழே நான்கும் அதைத் தொட்டன. அதனால் மூன்றாம் நாளே கீழே தற்காலிகப் பல்லுத்தொகுதியைத் திருகி இறுக்கிவிட்டார்கள். மேல்தாடை எலும்பு இயல்பிலேயே மென்மையானது, அங்கே எண் ஏறவில்லை. முரசைத் தைத்து மூடிவிட்டு, எலும்பு பிடிக்கும்வரை கழற்றிப்பூட்டும் கட்டுப்பல்லுத் தந்தார். கடைசியில் அம்மாவின் பல்லு எனக்கும் வந்து சேர்ந்தது. அண்ணம் முழுவதையும் மூடும். தேத்தண்ணி சூடா இல்லையா என்பது தொண்டைக்குப் போன பிறகுதான் தெரியும்.

தையலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கரையும் நூல், வளைந்த ஊசி. முடிச்சு எப்படிப் போட்டீர்கள் என்று அடுத்தமுறை கேட்டேன். ஒரு துண்டு நூலில் செய்து காட்டினார். நல்ல முடிச்சு, ஆனால் வால் கொஞ்சம் நீளம்.

அந்த வருடம் ஆடிப்பிறப்புக்குக் கூழில் தேங்காய்ச் சொட்டுப் போடாமல் எனக்கென்று தனியே ஒரு கோப்பை எடுத்து வைத்தார்கள். குழையல் சோறு, இடியப்பம் சொதி, அவித்த மீன், திரும்ப இடியப்பம் சொதி. நல்லூர்த் திருவிழாவில் கச்சான் விற்கிற வரிசையைக் கடந்து போனதைப் பெரிய விரதமாகவே நான் கணக்கில் வைத்திருக்கிறேன். பருத்தித்துறை வடையைப் பற்றி எழுதினால் கண் கலங்கும்.

கச்சானை வென்ற நான் நூலிடம் தோற்றேன். புரட்டாதியில் ஒரு பின்னேரம், அவசர வேலை, கை தானாக வாய்க்குப் போய்விட்டது. நைலோன் நூல். கீழ்த் தற்காலிகப் பல்லின் ஓரம் டிக்கென்று தெறித்தது. டொக்டர் ஏசவில்லை. ஒட்டித் தந்துவிட்டு, "கத்தரிக்கோலைக் கழுத்தில கட்டித் தொங்கவிடுங்கோ" என்றார். அன்றிலிருந்து நாடாவில் தொங்குகிறது.

கார்த்திகையில் மேல்முரசைத் திறந்து பார்த்தபோது ஆறில் ஒன்று பிடிக்கவில்லை. சாவியைப் போட்டதும் சுழன்றது. ஏன் என்று கேட்டேன். சில வேளை எலும்பு ஏற்காது என்றார். அதை எடுத்துவிட்டு மிச்ச ஐந்தில் கட்டலாம் என்று சொன்னார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. காசைவிட, என் உடம்பு ஒன்றை வேண்டாம் என்று சொன்னதுதான் எனக்கு மனவருத்தம்.

நிரந்தரப் பல்லுக்கு நிறம் தெரிவு செய்யும் நாள் மட்டும் நான் சொன்னதுதான் நடந்தது. பொத்தான் அட்டைபோல ஒரு அட்டையில் வரிசையாகப் பல்லு நிறங்கள், ஏ1, ஏ2, ஏ3 என்று. டொக்டர் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "டியூப் லைற்றில நிறம் பாக்கக்கூடாது பிள்ளை, யன்னலடிக்கு வாங்கோ" என்றேன். துணிக்கு நூல் பொருத்துகிறவளுக்கு இது தெரியாதா? வீடியோவில் தம்பி மனைவி, "நல்ல வெள்ளையாப் போடுங்கோ மச்சாள்" என்றா. 58 வயதில் பீங்கான் கோப்பை மாதிரிச் சிரிக்க எனக்கு மனமில்லை. ஏ3 எடுத்தோம். யாரும் புதுப்பல்லு என்று கண்டுபிடிக்கவில்லை, அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்.

2025 மாசியில் மேலும் கீழும் பூட்டினார்கள். முதல் கடி பருத்தித்துறை வடை. உடைந்தது, சத்தம் கேட்டது. ஆனால் பல்லுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நார் இருந்தால்தான் கடிக்கிற பொருளின் மென்மை வன்மை துல்லியமாகத் தெரியுமாம். இம்பிளாண்டில் நார் இல்லை, எலும்பும் தசையும் சொல்வது மட்டும்தான். விரலுக்குக் கவசம் போட்டுக்கொண்டு பட்டைத் தடவுவது போல. சோற்றில் கல்லு இருந்தால் முந்தி உடனே நிற்பேன், இப்போது நறுக்கென்ற பிறகுதான் தெரிகிறது. இதை எனக்கு முன்கூட்டியே யாராவது அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் செய்துதான் இருப்பேன், ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

சூத்தை பிடிக்காது என்றாலும் முரசு பழையபடி கெடலாம், அப்போது திருகைச் சுற்றியுள்ள எலும்பு கரையும். அதனால் இரவில் இருபது நிமிடம் இதற்கென்றே போகிறது. தண்ணீர் பீய்ச்சும் மெஷின் ஒன்றைத் தம்பி அனுப்பினான். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு இரண்டு மாதத்தில் அதன் வாயை அடைத்துவிட்டது. இப்போது வடித்த தண்ணீர்தான் விடுகிறேன். பல்லுத்தொகுதிக்கும் முரசுக்கும் இடையே விட்டு இழுக்க ஒரு நூலும் உண்டு. ஒரு முனை விறைப்பாக, நடு பஞ்சுபோலத் தடிப்பாக இருக்கும். பலபேருக்கு அது வசப்பட மாதக்கணக்காகுமாம். எனக்கு முதல் தடவையிலேயே வந்தது. உள்பாவாடைக்கு ஊசி குத்தி நாடா கோர்க்கிற அதே வேலை, இடம் மட்டும்தான் வேறு.

போன தடவை பரிசோதனைக்குப் போனபோது, கதிரையில் என்னை இருத்திவிட்டு, வெளியே காத்திருந்த ஒரு ஐயாவை டொக்டர் உள்ளே கூப்பிட்டார். "அன்ரி, அந்த நூல் கோர்க்கிறதை இவருக்கு ஒருக்காக் காட்டிவிடுங்கோ."