டிராகன் வந்தா கொஞ்சமாவது பயப்பிடுங்கோடா

போன மாசம் வெள்ளவத்தையில என்ர பிளாட்ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடேக்க (ஒராள் கதை சொல்ல மற்றாக்கள் அதில வாற ஆக்களா டைஸ் உருட்டி விளையாடுற மேசை விளையாட்டு, கதை சொல்றது நான்) ஒரு சிவப்பு டிராகன மூண்டே ரவுண்டில பெடியள் கொண்டுபோட்டாங்கள். ஒருத்தன் மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே டைஸ் உருட்டினவன், கையெல்லாம் எண்ணெய், "உது பெரிய உடும்புதானே மச்சான்" எண்டு வேற கேக்கிறான். கோவம் வந்ததுதான், ஆனா பிழை என்னில, பறக்கிற சாமானக் கொண்டுபோய் குகைக்குள்ள இருத்தி வச்சு, அதுவும் முதல்ல கடிக்க விட்டா வெட்டாம என்ன செய்வாங்கள்.

பிறகு அந்த விளையாட்டின்ர 1981 பேசிக் விதிப் புத்தகத்த திருப்பி எடுத்து வாசிச்சன். அதில டிராகன் ஊதுற நெருப்புக்கு தனி டைஸே இல்ல, அந்த நேரம் அதிட்ட எவ்வளவு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, மிச்சமிருக்கோ அவ்வளவும் டேமேஜ். சிவப்புக்கு 10 ஹிட் டைஸ், அதாவது பத்து எட்டுப்பக்க டைஸ் உருட்டி வாறதுதான் அதின்ர ஹிட் பாயிண்ட், சராசரியா 45. தப்புறதுக்கு உருட்டுற சேவிங் த்ரோ சரிவந்தாலும் பாதி விழும், 22. அஞ்சாம் லெவல் ஃபைட்டரிட்ட மொத்தமா இருக்கிறதே அவ்வளவுதான்! காயப்படாத டிராகன்தான் ஆக மோசம், அதாலதான் முதல் அடி எப்பவும் ஊதல் எண்டு எழுதிக்கிடக்கு, நான்தான் கவனிக்கேல்ல. பறந்தா ரவுண்டுக்கு 80 அடி, பிளேட் எண்ட இரும்புக் கவசம் போட்டவன் சண்டைக்குள்ள 20 அடி நகர்ந்தாப் பெரிய விஷயம்.

ஆனா நம்பரச் சொல்லி ஆரையும் பயப்பிடுத்தேலாது. இந்தமுறை ரெண்டு கிழமையா டிராகனக் காட்டவே இல்ல. கதையில ஒரு ஊருக்குப் போனாங்கள், ஆட்டுக்கொட்டில் இருக்கு, ஆடு ஒண்டும் இல்ல. கிழவி ஒராள் கதைக்கேக்கயும் வானத்தையே பாத்துக்கொண்டிருக்கிறா. காசு குடுத்தும் வழிகாட்ட ஒருத்தரும் வரேல்ல. சிவப்பு டிராகன் கதைக்கிறதுக்கு 50 சதவீதம் சான்ஸ் எண்டு புத்தகத்தில இருக்கு, நான் டைஸ் உருட்டாமலே கதைக்க வச்சன்.

சனிக்கிழமை இரவு மலைவாசல்ல நிக்கிறாங்கள். மரைன் டிரைவ் பக்கம் கோச்சி ஒண்டு போக மேசையில டைஸெல்லாம் லேசா ஆடிச்சுது, நான் வாயத் திறக்கேல்ல. கோச்சிச் சத்தம் அடங்கினாப்பிறகு மெதுவா, "என்ர கிண்ணத்த எடுத்தவன் முன்னுக்கு வா" எண்டு டிராகன்ர குரல்ல சொன்னன்.

ரோல்ஸ்காரன் கையத் துடைச்சுப்போட்டு தன்ர ஆளின்ர விபரம் எழுதின கேரக்டர் ஷீட்டப் பாக்கிறான். அந்தக் கிண்ணத்த ரெண்டு கிழமைக்கு முதல் சந்தையில வித்தவன் அவன்தான்.