கொடுக்க மனம் உண்டு, யாருக்குக் கொடுப்பது?

உதவி கேட்டு வரும் செய்திகளில் எது உண்மை, எது ஏமாற்று என்று தெரியாமலே பாதிப் பேர் கையை மடக்கிக்கொள்கிறோம். நானும்தான்.

சமூக அறக்கட்டளை என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரு பணக்காரக் குடும்பம் தன் பெயரில் நடத்துவதல்ல. ஓர் ஊர்க்காரர்கள் பலர் போடும் பணம் ஒரே இடத்தில் சேர்கிறது. பெரும்பாலும் அசலை முதலீடு செய்துவிட்டு, வரும் வருமானத்தை உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்குப் பிரித்துத் தருவார்கள்.

1914இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் இதைத் தொடங்கியவர் ஃபிரெடெரிக் காஃப், வங்கிக்காரர். அவருடைய தலைவலி, தொண்டுக்கென்று பணம் எழுதி வைத்த பழைய உயில்கள். எழுதியவர் போய்ச் சேர்ந்திருப்பார், அவர் சொன்ன காரியத்துக்குத் தேவையே இருக்காது, ஆனாலும் பணத்தை வேறெதற்கும் தொட முடியாது. அதனால் நோக்கம் காலாவதியானால் மாற்றும் அதிகாரத்தை ஓர் உள்ளூர்க் குழுவிடம் கொடுத்தார். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த ஒரு விதிதான்.

சரி, கொடுப்பவருக்கு என்ன வசதி? தன் பெயரில் ஒரு நிதி தொடங்கி, இன்ன அமைப்புக்குக் கொடுங்கள் என்று பரிந்துரைக்கலாம். பரிந்துரைதான், உத்தரவு இல்லை. அந்த அமைப்பு நிஜமாகவே இயங்குகிறதா, கணக்கு ஒழுங்கா என்று பார்ப்பது அறக்கட்டளை ஊழியர்களின் வேலை. அதற்கு ஒரு கட்டணமும் பிடிப்பார்கள், நியாயம்தான்.

ஒரு ஓட்டை உண்டு. அமெரிக்காவில் பணம் போட்ட ஆண்டே வரிச்சலுகை கேட்கலாம். ஆனால் இத்தகைய நிதியிலிருந்து இத்தனை ஆண்டுக்குள் தொண்டுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டத்தில் கெடு இல்லை. பணம் அங்கேயே தூங்கலாம். நான் சேர்வதென்றால் முதல் கேள்வி, போன வருடம் எவ்வளவு வெளியே போனது என்பதுதான்.